பெயர் கட்டம் காலியா? பாதி நிரம்பிய பதிவை கம்பைலரே தடுத்து நிறுத்துவது எப்படி?

குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த 21 நாளுக்குள் பெயரும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயர் கட்டத்தைக் காலியாக விட்டே பிறப்பைப் பதிவு செய்யலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தக் காலி கட்டத்தோடு சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால், பள்ளி சேர்க்கையின்போதோ பாஸ்போர்ட் எடுக்கும்போதோ தான் "பெயரே இல்லையே" என்பது தெரியவரும்.

மென்பொருள் உலகத்திலும் இதே பிரச்சனை பல ஆண்டுகளாக இருக்கிறது. பாதி நிரம்பிய ஒரு பதிவு, முழுப் பதிவு போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்துவிடும். பல மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் ஆப் கிராஷ் ஆகும். இதை ஆப் வெளியாகும் முன்பே தடுக்க முடியுமா? முடியும் என்கிறது 'டைப் சிஸ்டம்' என்ற ஏற்பாடு. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கலாம்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது?

1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 14-வது பிரிவு, பெயர் இல்லாமல் பதிவான குழந்தைகளைப் பற்றியது. பெற்றோரோ காப்பாளரோ பிறகு வந்து பெயரைச் சொன்னால், பதிவாளர் அதைப் பதிவேட்டில் சேர்த்து, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் போதும், எழுதிக் கொடுத்தாலும் சரி.

மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி, பதிவு செய்த நாளில் இருந்து 12 மாதங்களுக்குள் என்றால் இதற்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

புதுச்சேரி பகுதியில் வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் என 5 கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. பிறப்புப் பதிவு நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில்தான் நடக்கும். பாகூரில் வீடு, பிரசவம் நகரத்து மருத்துவமனையில் என்றால், பெயர் சேர்க்கவும் அந்த நகராட்சிக்குத்தான் போக வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதை இன்னும் முக்கியமாக்கிவிட்டது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பள்ளி சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆக, நம் கையில் இருப்பது இரண்டு விதமான பதிவு. ஒன்று பெயர் இல்லாதது, இன்னொன்று பெயர் உள்ளது. இரண்டும் சட்டப்படி செல்லும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் ஈஸி. கீழே வருவதெல்லாம் புரிந்துகொள்வதற்கான உதாரணம்தான். எந்த அரசு மென்பொருளின் உள் அமைப்பையும் பற்றியது அல்ல.

ஆப்ஜெக்ட் என்றால் என்ன?

ஒரு புரோகிராமில் 'ஆப்ஜெக்ட்' என்பது, சிம்பிளாகச் சொன்னால், ஒரு நிரப்பிய படிவம். பிறப்புப் பதிவு என்ற ஆப்ஜெக்ட்டில் பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் பெயர், தந்தை பெயர், குழந்தை பெயர் என்று கட்டங்கள் இருக்கும். புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, கட்டங்களுக்கு முதல் மதிப்பு போடும் வேலையைச் செய்யும் பகுதிக்கு 'கன்ஸ்ட்ரக்டர்' என்று பெயர்.

எல்லா கட்டமும் நிரம்பிய பிறகு ஆப்ஜெக்ட்டை வெளியே கொடுத்தால் பிரச்சனை இல்லை. ஆனால் பல மொழிகளில் காலிப் படிவத்தை முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பலாம். நடுவில் ஒரு கட்டத்தை மறந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஜாவா மொழியில், எதுவும் போடாமல் விட்ட கட்டத்தில் தானாகவே ஒரு 'வெறுமை' வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணாக இருந்தால் பூஜ்யம் வரும். சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு செயற்கூறுக்குள் மதிப்பு போடாமல் விட்ட மாறியில், அந்த நினைவகப் பகுதியில் ஏற்கெனவே கிடந்த குப்பை அப்படியே தெரியலாம். முந்தைய பையன் எழுதியதை அழிக்காமல் கொடுத்த சிலேட்டு மாதிரி.

பூஜ்யமும் குப்பையும் தான் உண்மையில் ஆபத்து. காலி கட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியும். 'எடை: 0' என்று இருந்தால், அளக்கவே இல்லையா, அளந்து தப்பாக எழுதினார்களா என்று யாருக்கும் தெரியாது.

கொழும்பில் பிறந்தவரும் நூறு கோடி டாலர் தவறும்

அந்த 'வெறுமை'க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் 'நல்' என்று வரும். பெயரில்தான் நல்லது, வேலையில் இல்லை!

இதைக் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 1934-ல் கொழும்பில் பிறந்த பிரிட்டிஷ் கணினி அறிஞர். 1965-ல் 'அல்கால் டபிள்யூ' என்ற மொழியை வடிவமைத்தபோது, ஒரு கட்டம் எதையும் சுட்டாமல் இருக்கலாம் என்று அனுமதித்தார். செய்வதற்கு எளிது என்பதே காரணம். 2009-ல் லண்டனில் நடந்த கியூகான் மாநாட்டில் அதைத் தன்னுடைய 'நூறு கோடி டாலர் தவறு' என்று அவரே சொன்னார். அதனால் வந்த பிழைகளும் கிராஷ்களும் பாதுகாப்பு ஓட்டைகளும் அவ்வளவு.

ஜாவாவில் எழுதிய ஆப் வெறுமையான கட்டத்தைத் தொட்டால் வரும் 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' இந்த வம்சம்தான். இதில் இருக்கும் பெரிய தலைவலி, தவறு நடந்த இடம் ஒன்று, வெடிக்கும் இடம் வேறு. பதிவு செய்யும் பகுதியில் பெயரை விட்டிருப்பார்கள். சான்றிதழ் அச்சிடும் பகுதி விழும். சரிசெய்ய வருபவர் முதலில் அச்சுப் பகுதியைத்தான் குடைவார்.

கம்பைலர் எப்படித் தடுக்கிறது?

புரோகிராமர் எழுதியதை கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். ஆப் உங்கள் போனுக்கு வரும் முன்பே இந்த வேலை முடிந்துவிடும். அப்போதே பிழையைப் பிடித்தால், பயனர் கையில் கிராஷ் ஆகாது.

எதை வைத்துப் பிடிப்பது? அதற்குத்தான் டைப் சிஸ்டம். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு. எண், எழுத்து, தேதி, பிறப்புப் பதிவு என்று. எந்த இடத்தில் எந்த வகை வரலாம் என்ற விதிகளைக் கம்பைலர் வரி வரியாகச் சரிபார்க்கும். இந்த விதிகளோடு "எல்லா கட்டமும் நிரம்பாமல் ஆப்ஜெக்ட் பிறக்கக் கூடாது" என்பதையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

இன்று பல மொழிகள் இதைச் செய்கின்றன.

• ஸ்விஃப்ட்: ஆப்பிள் 2014-ல் அறிவித்த மொழி. கன்ஸ்ட்ரக்டர் முடிவதற்குள் எல்லா கட்டத்துக்கும் மதிப்பு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பைல் ஆகாது.

• காட்லின்: ஆண்ட்ராய்டு ஆப்களுக்கு 2017-ல் கூகுள் ஏற்றுக்கொண்ட மொழி. ஒரு கட்டம் வெறுமையாக இருக்கலாமா கூடாதா என்பதே அதன் வகையில் எழுதப்பட்டிருக்கும். வகைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால் இருக்கலாம். போடாவிட்டால் கூடாது.

• ரஸ்ட்: 2015-ல் முதல் பதிப்பு. கட்டங்களில் ஒன்றை விட்டாலும் ஆப்ஜெக்ட் உருவாகாது. 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதற்கு 'ஆப்ஷன்' என்று தனி வகையே உண்டு.

• டைப்ஸ்கிரிப்ட்: இணையதளங்களுக்கான மொழி. 2018 ஜனவரியில் வந்த 2.7 பதிப்பில் இந்தச் சோதனை சேர்ந்தது.

• சி ஷார்ப்: 2022-ல் வந்த 11-வது பதிப்பில் ஒரு கட்டத்தை 'கட்டாயம்' என்று குறிக்கும் வசதி வந்தது.

கம்பைலர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாப் பாதைகளையும் நடந்து பார்க்கும். "மருத்துவமனையில் பிறந்தால் அதன் பெயரை இடம் என்று போடு" என எழுதிவிட்டு, வீட்டில் பிறந்தால் என்ன போடுவது என்று எழுத மறந்தால், அந்த ஒரு பாதையில் 'பிறந்த இடம்' காலி. 100 குழந்தைகளில் 99 பேர் மருத்துவமனையில் பிறந்தாலும் கம்பைலர் விடாது. சோதனை செய்து பார்ப்பவர் கண்ணில் படாமல் போகக்கூடிய அந்த ஒற்றைப் பாதையையும் அது பார்த்துவிடும்.

பெயர் இல்லாத பதிவை என்ன செய்வது?

இங்கேதான் சட்டத்தின் 14-வது பிரிவு கை கொடுக்கிறது. குழந்தை பெயரைக் கட்டாயம் ஆக்கினால், பெயர் வைக்காத குழந்தையைப் பதிவே செய்ய முடியாது. அது சட்டத்துக்கு விரோதம். விருப்பம் போல விட்டால், பெயர் இல்லாத பதிவு பெயர் கேட்கும் இடத்துக்கும் போய்விடும். எப்படிச் செய்தாலும் இடிக்கிறது.

தீர்வு, ஒரே வகைக்குப் பதில் இரண்டு வகை வைப்பது. 'பெயர் சேராத பதிவு' ஒன்று. 'பெயர் சேர்ந்த பதிவு' இன்னொன்று. முதல் வகையில் பெயர் என்ற கட்டமே கிடையாது. முதல் வகையை இரண்டாவதாக மாற்ற ஒரே ஒரு வழிதான். பெயர், சேர்த்த தேதி, பதிவாளரின் சுருக்கொப்பம் மூன்றையும் கொடுக்க வேண்டும். அதாவது 14-வது பிரிவு அப்படியே ஒரு செயற்கூறாக மாறிவிடுகிறது.

இப்போது பெயர் தேவைப்படும் வேலைகள் எல்லாம் 'பெயர் சேர்ந்த பதிவு' வகையை மட்டும் வாங்கும்படி எழுதினால் போதும். யாராவது அவசரத்தில் முதல் வகையைக் கொடுத்தால் கம்பைலரே "இது வேறு வகை" என்று நிறுத்திவிடும். கவுன்ட்டரில் இருப்பவரின் ஞாபகசக்தியை நம்ப வேண்டியதில்லை.

சரி, படிவத்தில் என்ன எழுதுவார்கள் என்பது ஆப் ஓடும்போதுதானே தெரியும், கம்பைலர் எப்படி முன்கூட்டியே பார்க்கும்? நியாயமான கேள்வி. வெளியில் இருந்து வரும் தகவலைக் கம்பைலரால் பார்க்க முடியாது. அதனால் வாசலிலேயே ஒரு முறை சோதித்து, இரண்டு வகைகளில் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். வாசலைத் தாண்டியதும் வகையே சாட்சி. உள்ளே ஒவ்வொரு இடத்திலும் "பெயர் இருக்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம்.

அட்டை முதலா, தலைவர் முதலா?

கடினமான இடம் ஒன்று இருக்கிறது. குடும்ப அட்டை என்ற ஆப்ஜெக்ட்டில் 'குடும்பத் தலைவர்' கட்டாயக் கட்டம். குடும்பத் தலைவர் என்ற ஆப்ஜெக்ட்டில் 'குடும்ப அட்டை' கட்டாயக் கட்டம். எதை முதலில் உருவாக்குவது? அட்டை இல்லாமல் தலைவர் இல்லை, தலைவர் இல்லாமல் அட்டை இல்லை.

இப்படி ஒன்றை ஒன்று சுட்டும் ஆப்ஜெக்ட்களுக்கு, கொஞ்ச நேரத்துக்காவது பாதி நிலை தவிர்க்க முடியாதது. அந்த நேரத்தில் மற்றவர்கள் அதை முழு ஆப்ஜெக்ட் என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது. ஆய்வாளர்கள் இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

2007-ல் மானுவல் ஃபேன்ட்ரிக், சோங்டாவ் சியா இருவரும், ஆப்ஜெக்ட் எப்போது முழுமை அடையும் என்பதையே வகையில் குறிக்கும் முறையை வெளியிட்டார்கள். 2009-ல் ஷின் சி, ஆண்ட்ரூ மையர்ஸ் இருவரும் இன்னொரு வழி சொன்னார்கள். எந்தக் கட்டம் இன்னும் பாக்கி என்பதை வகையோடு ஒட்டி வைப்பது. 'குடும்ப அட்டை, தலைவர் பாக்கி' என்பது ஒரு வகை. தலைவரைப் போட்டதும் அந்த ஒட்டு போய்விடும், வகை வெறும் 'குடும்ப அட்டை' ஆகிவிடும். நிரம்பாத கட்டத்தைப் படிக்க முயன்றால் கம்பைலர் நிறுத்தும்.

2011-ல் அலெக்சாண்டர் சம்மர்ஸ், பீட்டர் முல்லர் இருவரும் இதை இன்னும் எளிமை ஆக்கினார்கள். உருவாகிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்கள் எல்லாம் ஒரு வகை, முழுமை அடைந்தவை வேறு வகை. வெளியில் இருக்கும் கன்ஸ்ட்ரக்டர் முடியும்போது, உள்ளே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்த எல்லாமே ஒரே நேரத்தில் முழுமை வகைக்கு மாறும். ஜாவாவுக்கான 'செக்கர் ஃப்ரேம்வொர்க்' என்ற கருவி இந்த யோசனையை அடிப்படையாகக் கொண்டது.

பின்வாசல்கள்

விதி இருந்தால் பின்வாசலும் இருக்கும். காட்லினில் 'லேட்இனிட்' என்ற சொல்லைப் போட்டால், "பிறகு நிரப்புகிறேன், நம்பு" என்று கம்பைலரிடம் சொல்வதாக அர்த்தம். நிரப்பாமல் தொட்டால் ஆப் ஓடும்போது விழும். டைப்ஸ்கிரிப்டில் ஒரு ஆச்சரியக்குறி போட்டாலே இதே சலுகை கிடைக்கும். சில நேரம் இவை தேவைதான். ஆனால் அந்த இடத்தில் கம்பைலரின் பொறுப்பு முடிந்து புரோகிராமரின் பொறுப்பு தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன்பே, தன் ஆப்ஜெக்ட்டைத் தானே வெளியே நீட்டிவிடுவது. காட்லினில் கேள்விக்குறி இல்லாத கட்டம் கூட இந்த வழியில் வெறுமையாகத் தெரிய வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன ஆய்வுகள் அடைக்கப் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான்.

எல்லா கட்டமும் கட்டாயம் என்றால் சரியாகிவிடுமா?

ஆகாது. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு ஆட்சியில், 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஆணைப்படி, இங்கிருந்தவர்கள் தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரை ஏற்க வேண்டும். அந்த இயக்கத்தில் முன்னால் நின்ற பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அந்த வழிவந்த குடும்பங்களில் இன்றும் குடும்பப் பெயர் உண்டு. ஆனால் வில்லியனூரிலும் பாகூரிலும் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது ஒரு பெயரும், அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். குடும்பப் பெயர் என்று ஒன்று மறந்துபோகவில்லை. அது இல்லவே இல்லை.

இது வெறும் தத்துவம் அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள இந்தியர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று தெளிவுபடுத்தப்பட்டது. அமெரிக்க விசாவில், ஒற்றைப் பெயர் உள்ளவரின் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெயர் தெரியாமல் இல்லை. படிவத்துக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

கட்டாயம் என்று ஒரு கட்டத்தை வைத்தால், இல்லாதவர்கள் ஒரு புள்ளியோ கோடோ அப்பா பெயரோ போட்டு நிரப்புவார்கள். கம்பைலர் திருப்தி ஆகிவிடும். பதிவு மட்டும் பொய்யாகிவிடும்.

அதனால் கட்டங்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிறந்த தேதி போல, எல்லோருக்கும் இருந்தே ஆக வேண்டியவை. குழந்தை பெயர் போல, இப்போது இல்லாமல் பிறகு வருபவை. குடும்பப் பெயர் போல, சிலருக்கு என்றுமே இல்லாதவை. முதலாவதுக்குக் கட்டாய வகை. இரண்டாவதுக்கு இரண்டு நிலை வகை. மூன்றாவதுக்கு ஆப்ஷன் வகை. எது எதில் சேரும் என்பதைக் கம்பைலர் சொல்லாது. ஊரைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கம்பைலரால் முடியாதது

கட்டம் நிரம்பியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். நிரப்பியது உண்மையா என்று பார்க்காது. 'செல்வி' என்பதற்குப் பதில் 'செல்வம்' என்று தட்டினாலும் அதற்கு இரண்டும் எழுத்துதான். தாய் பெயரையும் தந்தை பெயரையும் இடம் மாற்றிப் போட்டாலும், இரண்டும் ஒரே வகையாக இருந்தால் கண்டுகொள்ளாது. அந்தச் சரிபார்ப்பு இன்னும் மனிதர்கள் கையில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

• வீட்டில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்து, குழந்தை பெயர் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

• காலி என்றால், குழந்தை பிறந்த இடத்தின் பதிவாளரை அணுகுங்கள். 12 மாதம் தாண்டவில்லை என்றால் கட்டணம் இல்லை.

• பெயர் சேர்க்கும்போது, எழுத்துகளையும் இனிஷியலையும் ஆதார், பள்ளி ஆவணங்களில் எப்படி வேண்டுமோ அப்படியே ஒரே மாதிரி கொடுங்கள்.

• பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதுவது, குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றுவது அலைச்சல்.

• நீங்கள் ஆப் எழுதுபவர் என்றால், அடுத்த முறை ஒரு கட்டத்தைக் கட்டாயம் ஆக்கும் முன், அது இல்லாத ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.